வெறி அல்ல, வலிப்பு

பொட்டலம் காணாமல் போய் முப்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. மகள்தான் கணக்கு வைத்திருந்தாள். நேற்றுக் காலை ஏழு மணிக்கு எதிர்ப்புறத்து பஞ்சர் கடையில் லாரி டயர் ஒன்று வெடித்தது. அந்தச் சத்தத்துக்குத் தெருவே ஒரு முறை குனிந்து நிமிர்ந்தது. நிமிர்ந்து பார்த்தபோது கேட் திறந்து கிடந்தது, நாய் இல்லை. இப்போது மறுநாள் பிற்பகல் இரண்டு மணி.

பொட்டலத்துக்கு வலிப்பு நோய். காலை ஆறுக்கு ஒரு மாத்திரை, மாலை ஆறுக்கு ஒன்று. நேற்று மாலை மாத்திரை தவறியது. இன்று காலையதும் தவறியது. மூன்றாவதும் தவறினால் என்ன ஆகும் என்று மகள் சொல்லவில்லை. அவள் ஒரு விலங்கு ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருப்பவள். சொல்லாதது தெரியாததால் அல்ல.

குட்டியாக இருந்தபோது யாரோ செய்தித்தாளில் சுற்றி இவர்கள் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். அதனால் அந்தப் பெயர். இப்போது ஐந்து வயது. பழுப்பு நிறம், ஒரு காது நிற்கும், ஒரு காது விழுந்து கிடக்கும். விழுந்த காதுப் பக்கம் யார் கூப்பிட்டாலும் கேட்காதது போல இருக்கும். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் இரண்டு காதும் கேட்கும்.

முதல் வலிப்பு ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் தெருவில் வந்தது. செருப்புக்கடைப் படியில் விழுந்து, கால்களை உதைத்து, வாயில் நுரை தள்ளியது. வெறி நாய் என்று யாரோ கத்த, இரண்டு பேர் கட்டையோடு ஓடி வந்தார்கள். மகள் நாயின் மேல் விழுந்து மறைத்துக்கொண்டதால் ஓர் அடி அவள் தோளில் விழுந்தது. அன்று மாலையே அவள் அம்மா நாயின் கழுத்துப் பட்டையில் தொங்கவிட ஒரு பித்தளை வில்லை வெட்டினாள். முட்டை வடிவம், கட்டைவிரல் அகலம். முன்புறம் கொட்டை எழுத்தில் ‘வெறி அல்ல, வலிப்பு’. பின்புறம் ‘மருந்து தவறக் கூடாது’ என்று ஒரு வரி, அதன் கீழே தன் போன் நம்பர்.

அம்மா செய்யும் தொழிலே அதுதான். வீட்டின் முன்னறையில் ஷட்டர் போட்ட கடை. கதவுக்குப் பெயர்ப்பலகை, லாட்ஜ் அறைச் சாவிக்கு வில்லை, தொழிற்சாலைக்கு டோக்கன் என்று இருபத்திரண்டு வருஷமாகத் தகட்டில் எழுதுகிறாள். தெருவுக்கு அவள் தகடக்கா. வீட்டுக்காரர் நகரப் பேருந்து ஓட்டுகிறார். அவர் தெருவுக்கு டிரைவர். இருவருக்கும் வேறு பெயர் இருப்பது ரேஷன் கடைக்குத்தான் தெரியும்.

பொட்டலத்தின் வில்லையை மகள் ஆஸ்பத்திரியில் காட்டினாள். டாக்டரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எல்லா நோயாளிக்கும் வேண்டுமே என்றார். அப்படித் தொடங்கியது. சர்க்கரை உள்ள நாய், இதயம் பலவீனமான நாய், காது கேட்காத வெள்ளைப் பூனை, ஒரு குறிப்பிட்ட ஊசி போட்டால் உயிருக்கே ஆபத்தாகிவிடும் கிழட்டு ஆண் பூனை. வாரத்துக்கு ஒன்றிரண்டு. மகள் பட்டியலைக் கொண்டுவருவாள், அம்மா வெட்டுவாள், மகள் கொண்டுபோய்க் கொடுப்பாள்.

இப்போது மேஜையின் நடுவில் போன் சார்ஜரில் கிடந்தது. மகள் இரண்டு நாளாக ஸ்கூட்டரில் தெருத் தெருவாகப் போய்வந்துகொண்டிருந்தாள். படத்தை எல்லாக் குழுக்களிலும் போட்டாயிற்று. நூறு பேர் அழுகிற பொம்மை அனுப்பியிருந்தார்கள். நாயைப் பார்த்ததாக ஒருவரும் இல்லை.

“கழுத்துல நம்பரோட ஒரு நாய் சுத்துது. கண்ணுல பட்டா எவனாவது கூப்பிடுவானா மாட்டானா? ஒருத்தன் கூடவா கூப்பிட மாட்டான்?” என்றாள் மகள். ரொட்டியைப் பிய்த்து டீயில் நனைத்து, சாப்பிடாமல் அப்படியே வைத்திருந்தாள்.

தகடக்கா மகளின் காதைப் பார்த்துக்கொண்டு, கூப்பிடுவார்கள் என்றாள்.

காதைப் பார்த்தால்தான் அவளுக்கு மகளின் வாய் தெரியும். ஐந்து மாதமாக அப்படித்தான். எதை நேராகப் பார்த்தாலும் அதன் நடுவில் ஈர விரலால் தேய்த்தது போல ஒரு கறை. சுற்றியுள்ளது எல்லாம் தெரியும். கதவின் சட்டம் தெரியும், பூட்டு தெரியாது. கடிகாரத்தின் வட்டம் தெரியும், முள் தெரியாது. முதலில் கண்ணாடியில் அழுக்கு என்று நினைத்து ஒரு வாரம் துடைத்தாள். பிறகு மகளிடம் ஆர்டர் கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுத் தனியாகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே ஒரு சின்னப்பெண் டாக்டர், விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுவருகிறது, வலது கண்ணில் போனது போனதுதான், இடது கண்ணில் மிச்சம் இருப்பதை ஊசி போட்டுக் காப்பாற்றிப் பார்க்கலாம், வீட்டில் யாரையாவது அழைத்துக்கொண்டு அடுத்த வாரம் வாருங்கள் என்றாள். வீட்டில் யாரையாவது என்றதோடு தகடக்காவின் காது அடைத்துக்கொண்டது. அவள் திரும்பிப் போகவில்லை.

டிரைவர் வேலையில் கண்தான் சோறு. வருஷத்துக்கு ஒரு முறை டிப்போவில் கண் பரிசோதனை. அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே அவர் வீட்டில் காலண்டரை மாட்டி வைத்துத் தூர நின்று படிப்பார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய கூட்டாளி ஒருவர் அந்தப் பரிசோதனையில் தேறவில்லை. டிப்போவில் கழுவிவிடும் வேலைக்கு மாற்றினார்கள். டிரைவர் அதை வந்து சொன்ன விதம் தகடக்காவுக்கு மறக்கவில்லை. “பாவம், நேத்து வரைக்கும் ராஜா மாதிரி இருந்தான். இன்னைக்கு ஹோஸைப் பிடிச்சிட்டு நிக்கிறான். எல்லாரும் அவன்கிட்ட சத்தமாப் பேசறாங்க, காது போன மாதிரி.” அதே டிரைவர்தான் பயணிகளிடம் பெருமை அடிப்பார்: என் வீட்டுக்காரி கண் எறும்புக்குக் கொலுசு போடும்.

அவள் சமாளித்தாள். சமையலறையில் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தால் போதும். பட்டியல் வந்தால், கை எண்ணெயாக இருக்கிறது நீயே படி என்று மகளிடம் சொல்லி மனதில் ஏற்றிக்கொள்வாள். ஞாபகம் கூர்மையாகிவிட்டது. எழுத்துக்களைக் கையால் கீறுவாள், கைக்கு வழி தெரியும், கண் வேண்டாம். எண்களை மட்டும் அச்சால் அடிப்பாள். நம்பர் பஞ்ச் என்பார்கள். விரல் நீள எஃகுக் கட்டை, நுனியில் ஓர் எண் புடைத்திருக்கும். தகட்டில் நிறுத்திச் சுத்தியலால் ஒரே போடு. பத்து பஞ்சும் ஒரு மரக்கட்டையில் பத்துக் குழியில் வரிசையாக நிற்கும். குழியை எண்ணி எடுத்தால் தப்பு வராது. முன்பெல்லாம் அடித்து முடித்ததும் லென்ஸை வைத்து ஒரு முறை படித்துப் பார்ப்பாள். இப்போதும் லென்ஸை வைத்துக் கண்ணை ஓரமாகத் திருப்பினால் ஓர் எண் தெரியும், அடுத்ததுக்கு மறுபடி தேட வேண்டும். ஒரு வில்லைக்கு அரை மணி. அதனால் படிப்பதை விட்டுவிட்டாள்.

இரண்டரைக்கு டிரைவர் ஷிப்டு முடிந்து வந்தார். சட்டையைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்து, கடைசி நிறுத்தம் வரை இரண்டு பக்கமும் சந்துகளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினதாகச் சொன்னார். ஓரிடத்தில் பழுப்பு நாய் ஒன்றைப் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டாராம். அது வேறு நாய். இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருவதற்குள் பயணிகள் கண்டக்டரைப் பிடித்து உலுக்கிவிட்டார்கள். ஒரு பெரியவர், தம்பி நாயை ஏற்றிக்கொண்டு எங்களை இறக்கிவிடப் போகிறாயா என்று கேட்டாராம்.

மகள் சிரிக்கவில்லை. மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டாள். ஏன் ஒருத்தரும் கூப்பிடவில்லை?

“நம்பரைச் சரியாத்தான அடிச்சிருக்கே?” என்று டிரைவர் மனைவியைப் பார்த்துக் கேட்டுவிட்டு, கேட்டதற்குத் தானே சிரித்தார். “யாருகிட்ட கேக்குறேன் பாரு. பஸ்ஸைக் கூட ஒரு நாள் நான் மாத்தி ஓட்டுவேன். அவ மாத்தி அடிக்க மாட்டா.”

மகள் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். டிரைவர் ஒரு வாய் டீ குடித்துவிட்டு, டிப்போப் பக்கம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவள் பின்னாலேயே போனார்.

தகடக்கா கடைக்குள் போய் ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கினாள்.

பொட்டலத்தின் பழைய வில்லை தேய்ந்து வளையத்திலிருந்து அறுந்து விழுந்துவிட்டது. புதியது மூன்று மாதத்துக்கு முன் வெட்டியது. அதற்குப் பத்து நாள் முன்னால் கடைக்கு வெள்ளையடித்தார்கள். மேஜையை நகர்த்தும்போது பஞ்ச் கட்டை கவிழ்ந்து பத்தும் தரையில் உருண்டன. டிரைவர்தான் நாலு காலில் தவழ்ந்து பொறுக்கினார். ஒன்று பீரோவின் அடியில் போய்விட்டது, அதையும் குச்சி விட்டு எடுத்தார். எல்லாவற்றையும் துடைத்து வரிசையாகச் சொருகிவிட்டு, எப்படி நம்ம வேலை என்று கேட்டார். அவள் சரியாக இருக்கிறது என்றாள். பார்க்காமல் சொன்னாள்.

பஞ்சின் நுனியில் எண் கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பியிருக்கும். பழக்கம் இல்லாதவர் கண்ணுக்கு அது குழப்பும்.

அவள் சோப்புக் கட்டி ஒன்றை எடுத்து, குழி வரிசைப்படி ஒவ்வொரு பஞ்சையும் அழுத்தினாள். லென்ஸை வைத்துக் கண்ணை ஓரத்துக்குத் தள்ளி ஒவ்வொன்றாகத் தேடினாள். பூஜ்யம். ஒன்று. இரண்டு. மூன்று இருக்க வேண்டிய இடத்தில் எண்ணின் இரண்டு பக்கமும் மூடியிருந்தது, எட்டு. நெற்றி வியர்த்து லென்ஸில் சொட்டியது. துடைத்துவிட்டு எட்டின் குழிக்கு உரியதைப் பார்த்தாள். இடது பக்கம் திறந்திருந்தது, மூன்று.

வில்லையில் போட்ட அவள் நம்பர் எட்டில் முடியும். அதில் வேறு எட்டோ மூன்றோ கிடையாது.

அவள் இரண்டு பஞ்சையும் பிடுங்கி இடம் மாற்றிச் சொருகினாள். விரல் தானாகச் செய்தது. செய்து முடித்ததும் தப்பே நடக்காதது போல இருந்தது, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அவளுடையது பட்டன் போன். எண்களைத் தடவியே அடிப்பாள். தன் நம்பரையே அடித்து, கடைசியில் எட்டுக்குப் பதில் மூன்றை அழுத்தினாள். நாலாவது மணிக்கு ஒரு ஆண் குரல் எடுத்தது.

“ஐயா, ஒரு நாய் விஷயமா…” என்று ஆரம்பித்தாள்.

“ஆரம்பிச்சுட்டீங்களா? அம்மா, எனக்கு நாயும் கிடையாது, வலிப்பும் கிடையாது. நான் முடி வெட்டுறவன். கத்தியை ஒருத்தர் தொண்டைகிட்ட வெச்சிருக்கும்போது போன் அடிக்குது. எடுத்தா, உங்க நாய் நுரை தள்ளுது வாங்கன்னு ஒருத்தன். நேத்துலருந்து அஞ்சு தடவை. உக்காந்திருக்கிறவர் முகத்தைப் பாக்கணுமே.”

“அது எங்க நாய்ங்க. நம்பர் ஒண்ணு மாறிப்போச்சு.”

அந்தப் பக்கம் கத்தரிக்கோல் சத்தம் நின்றது. “அடடா, இது தெரியாம நான் வேற கண்டபடி பேசிட்டேன்,” என்றார். குரல் இறங்கிவிட்டது. “உசுரோட இருக்கா?”

தெரியவில்லை என்றாள். அவர் போனில் தேடி அந்த ஆளின் நம்பரைப் படித்தார். அவள் திருப்பிச் சொன்னாள். மர அறுவை மில் வாட்ச்மேனாம், பாலத்துக்கு அந்தப்பக்கம் பெரிய தகரக் கொட்டகை என்று கேட்டதாக ஞாபகமாம். சீக்கிரம் போங்கம்மா என்றவர், வைப்பதற்கு முன்னால் கேட்டார். “எந்தப் புண்ணியவான்மா நம்பரை இப்படி அடிச்சது?”

“தெரியலைங்க,” என்றாள் தகடக்கா.

மகளைப் போனில் கூப்பிட்டு, மர மில்லிலிருந்து ஒருவர் போன் செய்தார், பொட்டலம் அங்கே இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். மகள் ஐந்து நிமிஷத்தில் வாசலில் வந்து நின்றாள். தகடக்கா ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து அவளுடைய இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

மில்லில் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மரம் உள்ளே போய் வெளியே வரும் வரை யாரும் யாரிடமும் பேச முடியாது. தரையெல்லாம் மரத்தூள், காற்றெல்லாம் பிசின் வாசனை. கொட்டகையின் பின்னால் கட்டைகள் அடுக்கிய நிழலில் வாட்ச்மேன் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். காலடியில் சாக்கு. சாக்கின் மேல் பொட்டலம் பக்கவாட்டில் கிடந்தது. விலா ஏறி ஏறி இறங்கியது. மகள் பெயர் சொல்லி அழைத்தாள். நிற்கும் காது கூட அசையவில்லை. கண் திறந்திருந்தது, ஆனால் அவர்களைக் கடந்து எங்கோ பார்த்தது.

நேற்று மதியம் வந்ததாம். சாயங்காலம் ஒரு வலிப்பு, விடியலில் ஒன்று, இப்போது அரை மணி நேரத்துக்கு முன்னால் ஒன்று. கடைசியாக வந்தது நிற்கவே மாட்டேன் என்றதாம். ரம்பம் நின்ற இடைவெளியில் வாட்ச்மேன் சொன்னார்.

“நேத்து விழுந்தப்பவே நம்ம ஆளுங்க கடப்பாரையைத் தூக்கிட்டாங்கம்மா. இருங்கடான்னு பிடிச்சு வில்லையைத் திருப்பிப் பாத்தேன். வெறி அல்லன்னு போட்டிருக்கு. சத்தமாப் படிச்சுக் காட்டுனேன். நான் படிச்ச அஞ்சாம் வகுப்பு நேத்துதான் உபயோகப்பட்டுச்சு. ராத்திரி கூடவே படுத்துக்கிட்டேன். நம்பருக்குத்தான் அஞ்சு தடவை அடிச்சுப் பாத்தேன். எவனோ ஒருத்தன் எடுத்து, உன் நாயைக் கொண்டுபோய் ஆத்துல போடுங்கறான். இவ்வளவு அழகா எழுதி மாட்டுன ஆளு இப்படிப் பேசுவாங்களான்னு எனக்கு மனசு ஆறல.”

மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். தேடும்போது கையோடு இருக்கட்டும் என்று டாக்டரம்மா நேற்றே கொடுத்து அனுப்பியிருந்த மருந்தை முதலில் நாய்க்குச் செலுத்தினாள். வேலை முடிந்த பிறகு கழுத்துப் பட்டையை நகர்த்தி, வில்லையை வெளிச்சத்துக்குப் பிடித்து, பின்புறத்தைப் படித்தாள். உதடு அசைந்து எண் எண்ணாகப் படித்தது. கடைசி எண்ணில் நின்றது. மறுபடி முதலிலிருந்து படித்தது.

மில் முதலாளியின் சரக்கு வண்டியில் நாயை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஸ்கூட்டரை வாட்ச்மேன் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நாயின் தலை தகடக்காவின் மடியில் கனத்தது. பாலத்தைத் தாண்டியதும் மகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அம்மா. வில்லையில இருக்கறது நம்ம நம்பரே இல்ல. வாட்ச்மேன் எப்படி உன்னைக் கூப்பிட்டாரு?”

“அப்புறம் சொல்றேன்.”

“இப்ப சொன்னா என்ன?”

தகடக்கா நாயின் விழுந்த காதை மடித்து விரித்தாள். சரக்கு வண்டியை ஓட்டியவர் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சாலையைப் பார்த்தார். மகள் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தகடக்காவுக்குத் தோன்றியது.

ஆஸ்பத்திரியில் எஃகு மேஜையில் படுக்க வைத்து, முன்னங்காலில் ஊசி ஏற்றி, குழாயில் மருந்து இறங்க ஆரம்பித்தது. டாக்டரம்மா குள்ளமாக, கறாராக இருப்பார். நோயாளிகளைத்தான் கொஞ்சுவார், கூட வருகிறவர்களை அல்ல. ஒரு மணி நேரம் கழித்துக் கையுறையைக் கழற்றிவிட்டு, பிழைத்துக்கொள்வான், இன்னும் ஒரு வலிப்பு வந்திருந்தால் நான் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் என்றார். மகள் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டிரைவர் அப்போதுதான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். நாயின் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே வாசலைத் தாண்டினார். மகள் தரையிலிருந்தபடியே நடந்ததைச் சொன்னாள். எட்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருந்தது என்றபோது அவர் முகம் மாறியது. சற்று நேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு டாக்டரம்மாவின் முன்னால் போய்ப் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டார்.

“நான்தான் டாக்டரம்மா. வெள்ளையடிச்சப்ப அந்த அச்செல்லாம் கீழ கொட்டிடுச்சு. கழுதை மாதிரி நானே பொறுக்கிச் சொருகினேன். அதுல எல்லாம் தலைகீழாத் தெரியும். மூணையும் எட்டையும் மாத்தி வெச்சிருப்பேன். இவ என்ன பண்ணுவா? வெச்ச இடத்துல இருக்கும்னு நம்பி எடுத்திருக்கா.”

வெள்ளையடித்த பிறகு வெட்டியவை எத்தனை என்று டாக்டரம்மா கேட்டார். மகள் பதிவேட்டைக் கொண்டுவந்து எண்ணினாள். பதினேழு. அத்தனை பேருக்கும் இன்றே போன் செய்து, மூன்றோ எட்டோ இருந்தால் வில்லையைக் கழற்றி எடுத்துவரச் சொல் என்றார் டாக்டரம்மா. கோபப்படவில்லை. கோபப்பட்டால் தேவலை என்பது போல டிரைவர் நின்றார்.

“ஆனா அம்மா,” என்றாள் மகள். கேள்வி அவளுக்கே புரியாத மாதிரி மெதுவாக வந்தது. “அடிச்சு முடிச்சதும் நீ லென்ஸ் வெச்சுப் படிப்பியே. பதினேழும் எப்படி விட்டுப்போச்சு?”

தகடக்கா வாயைத் திறப்பதற்குள் டிரைவர் முந்திக்கொண்டார். அந்த மாசம் தொழிற்சாலை டோக்கன் ஆர்டர் ஐநூறு வந்தது, மூச்சு விட நேரமில்லாமல் உழைத்தாள், மனுஷிதானே என்றார். எல்லாம் தன்னால் வந்த வினை என்றார். இனிமேல் ஒன்று விடாமல் பார்த்துத்தான் கொடுப்பாள் என்று அவளுக்காக அவரே வாக்குக் கொடுத்தார். “அவ கண்ணுக்கு நான் பொறுப்பு டாக்டரம்மா. உங்களுக்குத் தெரியாது, எறும்புக்குக் கொலுசு போடும்.”

அவர் காக்கிச் சட்டையின் முதுகு முழுக்க நனைந்திருந்தது. அதை அவளால் பார்க்க முடிந்தது. ஓரத்தில் இருந்ததால் தெரிந்தது.

டாக்டரம்மா தலையை ஆட்டினார். அத்தோடு விஷயம் முடிந்தது. உண்மையாகவே முடிந்துவிட்டது, தகடக்கா அதை உணர்ந்தாள். அறையில் எல்லோருக்கும் தோள் இறங்கியது. மகள் எழுந்து நாய்க்குப் போர்வை எடுக்கப் போனாள். டிரைவர் நாயின் காதில் குனிந்து ஏதோ வசவு சொன்னார், அது வாலின் நுனியை மட்டும் ஒரு முறை அசைத்தது.

“இதுலயும் ஒரு நல்லது. அந்த முதல் வரி இல்லேன்னா கடப்பாரைதான்,” என்ற டாக்டரம்மா மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். “புதுசா நாலு இருக்கு. பழைய பதினேழோட இதையும் சேர்த்துப் பண்ணிக் குடுங்க. அவசரமில்ல. ஆனா இந்தத் தடவை மருந்தோட அளவும் போடணும். முதல் நாய்க்கு எத்தனை யூனிட்னு பாருங்க. சர்க்கரை ஊசி. ஒரு எண் கூடுனா உயிர் போயிடும். என் கையெழுத்து புரியுதான்னு ஒரு தடவை படிச்சுக் காட்டிடுங்க.”

தாள் தகடக்காவின் கைக்கு வந்தது. வெள்ளைத் தாள், நாலு ஓரமும் தெளிவாகத் தெரிந்தன. நடுவில் கறை.

கையில் எண்ணெய் இல்லை. கண்ணாடி மூக்கின் மேலேயே இருந்தது. ஆனாலும் வழி இருந்தது. போர்வையோடு வந்த மகள் பழக்க தோஷத்தில், குடும்மா நான் படிக்கிறேன் என்று கையை நீட்டியிருந்தாள். கொடுத்தால் போதும். மகள் படிப்பாள், அவள் மனதில் ஏற்றிக்கொள்வாள், வீட்டுக்குப் போய்க் குழியை எண்ணிப் பஞ்சை எடுப்பாள்.

தாளின் ஒரு முனையை மகள் பிடித்துவிட்டாள். மறுமுனையைத் தகடக்கா விடவில்லை.

“பஞ்சை மாத்திச் சொருகுனது மட்டுந்தான் அவரு,” என்றாள். “மூணு மாசமா அதைப் பாக்காம அடிச்சவ நான். அந்த மாசம் ஐநூறு டோக்கனும் வரல, ஒண்ணும் வரல.”

டிரைவர் நாயை விட்டு நிமிர்ந்தார். “இந்தாம்மா, எதுக்கு இப்ப…”

“இருங்க. எனக்கு யாரும் போன் பண்ணல. நானாத்தான் தப்பு நம்பருக்குப் பண்ணிக் கண்டுபிடிச்சேன்.” தாள் இருவர் கையிலும் விறைத்து நின்றது. அவள் மகளின் முகத்தை நேராகப் பார்த்தாள். அங்கே முகம் இல்லை.

“எனக்குக் கண்ணு தெரியல. அஞ்சு மாசமாத் தெரியல.”